சொந்த வீடு வாங்கினால் நிம்மதி வருமா? பீனிக்ஸ் சகோதரியின் கேள்விக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த பீனிக்ஸில் ஒரு வீட்டின் பின்னால் உள்ள அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறீர்கள், மாதம் 6,500 ராண்ட். ஆறு வருஷத்தில் நான்கு வீடு மாறியாகிவிட்டது. இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். வங்கி 9 லட்சம் ராண்ட் வரை பாண்டு, அதாவது வீட்டுக்கடன், தருவதாகச் சொல்லியிருக்கிறது. ‘சொந்தக் கூரை இல்லாதவங்களுக்கு மரியாதை ஏது’ என்று மாமியார் தினமும் சொல்கிறார். ‘கடன் வேண்டாம், வாடகையே போதும்’ என்று கணவர் சொல்கிறார். கடைசி வரியில், ‘சொந்த வீடு வந்தால் நிம்மதி வருமா, யாராவது சொல்லுங்கள்’ என்று முடித்திருக்கிறீர்கள். லாபமா நஷ்டமா என்று நீங்கள் எங்கேயும் கேட்கவில்லை. இப்போது ராத்திரியில் தூக்கம் வரவில்லை, வீடு வாங்கினால் வருமா என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். நடுவில் கணக்கும் வரும், ஏனென்றால் தூக்கத்தைக் கெடுப்பதில் கணக்குக்கும் பங்கு உண்டு.

நான் மதுரையில் சமூகப்பணி படித்துவிட்டு, 1999-இல் கல்யாணமாகி டர்பன் வந்தவள். முதல் பத்து வருஷம் சாட்ஸ்வொர்த்தில் குடும்பநலப் பணி. தேசியக் கடன் சட்டத்தின்படி 2007-இல் கடன் ஆலோசனை என்ற ஏற்பாடு தொடங்கியது. அதற்குப் பிறகு நானும் பயிற்சி எடுத்து, பதிவு செய்துகொண்டு, இன்றுவரை அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். மனநல மருத்துவர் இல்லை. இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு நெருக்கடியில் இருப்பவர்கள். பாண்டைக் கட்டி முடித்துவிட்டு மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் என்னிடம் வருவதில்லை. அதனால் நான் பார்த்ததில் கஷ்டம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஓரளவு உறுதியாகத் தெரிந்தது. பல நாடுகளில் கணக்கெடுத்துப் பார்த்தால், சொந்த வீட்டில் இருப்பவர்கள் வாடகைக்கு இருப்பவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையில் திருப்தியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் வீடு வாங்கியவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், நிலையான வேலை உள்ளவர்கள், கையில் நாலு காசு இருப்பவர்கள். பட்டுப்புடவை கட்டியவர்கள் வீட்டில் நல்ல சாப்பாடு இருக்கிறது என்பதற்காகப் பட்டுப்புடவை பசியைத் தீர்க்கும் என்று சொல்ல முடியுமா? ஆகவே ஒரே ஆளை, வாங்குவதற்கு முன்னும் பின்னும் பார்த்த ஆய்வுகளுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். ஜெர்மனியில் வருஷா வருஷம் அதே குடும்பங்களிடம் கேள்வி கேட்டுச் சேர்க்கும் ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. அதை வைத்து ஓடர்மாட், ஸ்டுட்சர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பார்த்திருக்கிறார்கள். சொந்த வீட்டுக்குப் போனவர்களுக்குத் திருப்தி கூடத்தான் செய்தது. ஆனால் ‘இன்னும் ஐந்து வருஷத்தில் எவ்வளவு திருப்தியாக இருப்பேன்’ என்று அவர்களே முன்னால் சொன்ன அளவுக்குக் கூடவில்லை. அதிலும் பணத்தையும் ஊர் மதிப்பையும் பெரிதாக நினைப்பவர்கள்தான் அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டிருந்தார்கள். குடும்பம், நட்பு என்று இருப்பவர்களின் கணிப்பு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. உங்கள் மாமியார் சொல்லும் ‘மரியாதை’ என்ற காரணத்தை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றம் வர வாய்ப்பு அதிகம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதே சமயம் உங்கள் களைப்பு வெறும் மனப்பிரமை இல்லை. 2023-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில் 1,420 பேரின் ரத்த மாதிரிகளை எடுத்து, மரபணுவின் மேல் படிகிற ரசாயனக் குறிகளை வைத்து அவர்களுடைய உடல் எவ்வளவு மூத்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களின் உடல், கடனில்லாத சொந்த வீட்டுக்காரர்களைவிட வேகமாக மூத்துக்கொண்டிருந்தது. வேலை இல்லாமல் இருப்பதன் பாதிப்பைவிட இது கூடுதலாக இருந்தது. ஆனால் கவுன்சில் போன்ற பொது அமைப்புகளின் வீடுகளில் குறைந்த வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சொந்த வீட்டுக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர்களும் வாடகைதான் கட்டுகிறார்கள், ஆனால் நினைத்த நேரத்தில் யாரும் அவர்களைக் கிளப்பிவிட முடியாது. உடலை அரிப்பது வாடகை இல்லை, ‘அடுத்த வருஷம் எங்கே இருப்போம்’ என்ற பயம்தான் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். இந்த மூப்பு திரும்பவே முடியாத ஒன்றல்ல என்றும் அந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரே ஓர் ஆய்வு, ஒரே ஒரு நாடு என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தப் பயம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வெஸ்ட்கிளிஃப் பக்கம் ஓர் அம்மா, அவரும் அவுட்பில்டிங்கில்தான் இருந்தார். இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார். டர்பன் மண்ணில் கறிவேப்பிலை எப்படி வளரும் என்று உங்களுக்கே தெரியும், நட்டால் இரண்டு வருஷத்தில் மதிலைத் தாண்டும். ‘தரையில் நட்டால் என்னம்மா’ என்று கேட்டேன். ‘போகும்போது எடுத்துட்டுப் போக முடியாதே’ என்றார். எந்த மாதம் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் போவோம் என்று தெரியும். கடைசியில் வீட்டு ஓனருடைய மகனுக்குக் கல்யாணமாகி இடம் தேவைப்பட, ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். சாமான் ஏற்ற பக்கி என்கிற சின்ன லாரி வந்து நிற்கிறது. வாளியைத் தூக்கினால் வரவில்லை. தண்ணீர் வடிய அடியில் போட்ட ஓட்டை வழியாக வேர் கீழே இறங்கி, ஓனருடைய மண்ணுக்குள் போய்விட்டிருந்தது. ரொட்டி வெட்டும் கத்தியால்தான் அதை அறுத்தார். செடி பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வாடகை வீட்டில் மனசைத் தின்பவை பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான். முருகன் படம் மாட்ட ஆணி அடிக்கலாமா என்று கேட்க வேண்டும். சாம்பிராணி போட்டால் முன்வீட்டு ஜன்னல் சாத்தப்படுகிறது. கரண்டுக்கு ஒரே ப்ரீபெய்ட் மீட்டர், அது ஓனர் கையில். கெய்சர் போட்டால் மாதக் கடைசியில் முகம் சுளிப்பு. பிள்ளைகள் வாசலில் பந்து ஆடினால், ‘மெல்ல, மெல்ல’ என்று நாமே அடக்கிக்கொண்டே இருக்கிறோம். ஒருநாளைக்கு இருபது தடவை அடுத்தவர் மனசு கோணாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, அதற்குச் சம்பளமும் கிடையாது. இதிலிருந்து விடுதலை வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால் அது நியாயமான ஆசை. சொந்த வீடு கொடுக்கும் நன்மைகளில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது இதுதான்.

மாமியார் பேச்சுக்கு வருவோம். அவரைக் குறை சொல்லிவிட்டுத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. என் மாமியார் சின்னப் பெண்ணாக மேகசின் பேரக்ஸில் வளர்ந்தவர். டர்பன் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த இந்தியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். வேலை போனால் அறையும் போகும். அவருடைய ஆயா, தாத்தா எல்லாருமே அந்தப் பயத்திலேயே வாழ்ந்தவர்கள். 1950-இல் வந்த, ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பகுதி ஒதுக்கிய குழுப் பகுதிகள் சட்டத்தின் பேரில், 1960-களில் எல்லாரையும் பிடுங்கிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொரு பகுதியும் ஒரு யூனிட்; பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யூனிட், இவர்கள் வேறொரு யூனிட். அந்தத் தலைமுறையில் ஒருவர் ‘சொந்தக் கூரை’ என்று சொன்னால், ‘இனி யாரும் என்னை லாரியில் ஏற்ற முடியாது’ என்று சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாமியாரிடம் ஒருநாள் உட்கார்ந்து, சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள், எப்படிக் கிளம்பினீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். நான் அப்படிக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் இந்தச் சண்டை அடங்கியது.

ஆனால் அதே சரித்திரத்திலேயே எதிர்ப்பக்கமும் இருக்கிறது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் நம்மவர்கள் பலர் நிலம் வாங்கி, மரமும் தகரமும் வைத்துத் தாங்களே வீடு கட்டி, தோட்டம் போட்டு, கோயில் எழுப்பி இருந்தார்கள். பத்திரம் அவர்கள் பெயரில்தான் இருந்தது. அதே குழுப் பகுதிகள் சட்டம் வந்தபோது அந்தப் பத்திரம் அவர்களைக் காப்பாற்றவில்லை. சில கோயில்கள் இன்னும் அங்கே நிற்கின்றன, சுற்றி இருந்த வீடுகள்தான் இல்லை. அந்தச் சட்டம் 1991-இல் ஒழிந்தது. இன்றைக்கு அரசியல் சாசனத்தின் 26-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கும் இடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. சொந்தக்காரராக இருந்தாலும் சரி, வாடகைக்காரராக இருந்தாலும் சரி. ஆக நிம்மதியில் பாதி, பத்திரத்துக்குப் பின்னால் நிற்கிற சட்டத்திலிருந்து வருகிறது.

சரி, இப்போது கடன். உங்கள் கணவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. நம் நாட்டில் பாண்டு வட்டி பொதுவாக மாறும் வட்டி, வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் விகிதம் ஏறினால் அதுவும் ஏறும். உங்கள் 9 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம், இருபது வருஷத் தவணை, பிரைம் விகிதத்தில். 2020 நடுவில் பிரைம் 7 சதவீதம். அப்போது மாதத் தவணை ஏறக்குறைய 6,980 ராண்ட். 2023 மே மாதம் பிரைம் 11.75 சதவீதம். அதே கடனைப் புதிதாக எடுத்தால் தவணை ஏறக்குறைய 9,750. மூன்றே வருஷத்தில் மாதம் 2,770 ராண்ட் வித்தியாசம். சம்பளம் அந்த வேகத்தில் ஏறுமா? 2020-இல் வட்டி குறைவு என்று சந்தோஷமாக வாங்கி, 2023-இல் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: ‘பத்து தேதி ஆனா வயித்தைப் பிசையுது.’ புதுச் சமையலறை, டைல்ஸ் தரை, எல்லாம் இருந்தும் அந்த வீட்டில் அவர்களுக்குத் தூக்கம் இல்லை. ஓனருக்குப் பயந்தவர்கள் இப்போது வங்கி மெசேஜுக்குப் பயந்தார்கள். கடன் சுமை மனச்சோர்வோடு சேர்ந்தே வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எது முதலில் வந்தது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

தவணையோடு முடிவதும் இல்லை. நகராட்சிக்குக் கட்டும் ரேட்ஸ் என்ற சொத்து வரி, தண்ணீர், கட்டிடக் காப்பீடு, ஃப்ளாட் என்றால் லெவி என்ற பராமரிப்புக் கட்டணம். வாங்கும்போது சொத்து மாற்று வரி 2025 ஏப்ரலிலிருந்து 12,10,000 ராண்ட் விலை வரை கிடையாது, அது நல்லது. ஆனால் பத்திரம் மாற்றும் வக்கீலுக்கும் பாண்டைப் பதியும் வக்கீலுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். அப்புறம் விற்பனை ஒப்பந்தத்தில் வரும் அந்த வூட்ஸ்டூட்ஸ் என்ற வார்த்தை. ‘இருக்கிறபடியே வாங்கிக்கொள்’ என்று அர்த்தம். விற்றவருக்குத் தெரிந்தே மறைத்த குறை என்று நிரூபித்தால்தான் கேட்க முடியும். கூரை ஒழுகினால் இனி உங்கள் கூரைதான்.

கூரை என்றதும் டர்பனில் 2022 ஏப்ரலில் வந்த வெள்ளம் ஞாபகம் வருகிறது. அந்த மழையில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சரிவில் இருந்த வீடுகள் மண்ணோடு இறங்கின. வாடகைக்கு இருந்தவர்கள் துணிமணியை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடினார்கள். கஷ்டம்தான், ஆனாலும் போனார்கள். சொந்தக்காரர்கள் சுவர் பிளந்த வீட்டையும் விட முடியாமல், பாண்டையும் நிறுத்த முடியாமல் நின்றார்கள். கடனை முடித்த கையோடு காப்பீட்டையும் நிறுத்தியிருந்த பெரியவர்கள் சிலரை அப்போது பார்த்தேன். அவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த ஆறுதல் ஒன்றுமில்லை. நீங்கள் வாங்கினால் சரிவைப் பாருங்கள், தாங்கு சுவரைப் பாருங்கள், காப்பீட்டில் மண்சரிவு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வீடு யாருடையது என்பதைவிட அது எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். மெக்சிகோவில் அரசாங்கம் ஏழைகளின் மண்தரை வீடுகளுக்குச் சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்தது. யாருடைய பெயரும் எந்தப் பத்திரத்திலும் மாறவில்லை, தரை மட்டும்தான் மாறியது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் குறைந்தன, தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்தது. உங்கள் அவுட்பில்டிங்கில் பாத்ரூம் பக்கச் சுவரில் பூஞ்சை, சின்னவனுக்கு இருமல் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் தூக்கமின்மையில் அந்தச் சுவருக்கும் நல்ல பங்கு இருக்கும்.

எனக்கு உறுதியில்லாத இடம் பிள்ளைகள் விஷயம். அடிக்கடி வீடு மாறும் பிள்ளைகள் பள்ளியில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குடும்பங்கள் வீடு மாறியதற்குக் காரணமே வேலை போனது, சண்டை, சாவு என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். தடுமாற்றம் மாறியதால் வந்ததா, மாற வைத்த காரணத்தால் வந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. என் கைக்கணக்கில், அதே பள்ளி, அதே நண்பர்கள் என்று இருந்தால் வீடு மாறினாலும் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள்.

வாங்காமலே மாற்றக்கூடியது கொஞ்சம் இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள். உங்களிடம் எழுத்தில் லீஸ் இல்லை என்கிறீர்கள். 1999-ஆம் வருஷத்து வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி நீங்கள் கேட்டால் ஓனர் எழுதித் தரத்தான் வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் கேளுங்கள், வருஷா வருஷம் வாடகை எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கொடுத்த டெபாசிட் வட்டி வரும் கணக்கில் இருக்க வேண்டும், அந்த வட்டி உங்களுடையது. குடிபோகும்போதும் காலி செய்யும்போதும் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுத வேண்டும். சேதம் ஒன்றும் இல்லையென்றால் ஏழு நாளில் பணம் திரும்ப வர வேண்டும். கோபத்தில் கரண்டைத் துண்டிப்பதும் பூட்டை மாற்றுவதும் சட்டத்துக்கு விரோதம். தகராறு வந்தால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. இதையெல்லாம் சண்டைக்குப் போவதுபோலக் கேட்காதீர்கள். ஒரு தட்டு முறுக்கோடு போய்க் கேளுங்கள். நல்ல வாடகைக்காரரை இழக்க எந்த ஓனருக்கும் விருப்பம் இருக்காது.

அதோடு ஒரு பரீட்சை. இப்போதைய வட்டியில் 9 லட்சத்துக்கு மாதம் சுமார் 9,000 வரும், மற்ற செலவோடு 11,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 6,500 போக மீதி 4,500. அடுத்த ஆறு மாதமும் சம்பளம் வந்த அன்றே அந்த 4,500-ஐத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், தொடக்கூடாது. தீபாவளி வந்தாலும், காவடி எடுத்தாலும், கார் டயர் வெடித்தாலும். ஆறு மாதமும் போட முடிந்தால் உங்களால் தாங்க முடியும், கையில் 27,000 ராண்டும் சேர்ந்திருக்கும். மூன்றாம் மாதமே கைவைத்தால், இந்தக் கடன் பெரிது என்று உங்கள் குடும்பமே பதில் சொல்லிவிட்டது. அப்போது 6 லட்சம், 6.5 லட்சத்துக்குள் பாருங்கள், கொஞ்சம் சின்ன வீடாக இருந்தாலும் பரவாயில்லை. வங்கி தருகிறேன் என்ற தொகை அவர்களுடைய கணக்கு, அதில் மாமியாரின் மருந்துச் செலவு இருக்காது. குடும்ப வருமானம் மாதம் 3,501 முதல் 22,000 ராண்டுக்குள் இருந்தால், முதல் வீடு வாங்குபவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். பலர் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் வாங்க வேண்டியவர்தான். நான்கு முறை மாறிய களைப்பு உங்கள் எழுத்தில் தெரிகிறது, அதை லீஸ் காகிதம் முழுசாகத் தீர்க்காது. ஆனால் இந்த மாதம் வேண்டாம், 9 லட்சத்துக்கும் வேண்டாம். உங்கள் ஓனரோடு வாய்மொழியாகப் பேசிய ஒப்பந்தம் எந்த மாதத்தோடு முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், கார் தவணை, கடை அக்கவுண்ட் எல்லாம் சேர்த்து இப்போது மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஆறு மாதம் போதுமா, ஒரு வருஷம் வேண்டுமா என்று சொல்கிறேன்.